திண்ணையில் கிடந்த கருவி, காட்டில் ஈரம் இருப்பதாகச் சொன்னது

ஆடி பிறந்ததும் விதையும் சென்சார் திட்டமும் விற்கிறவர்கள் எங்கள் பக்கம் மறுபடியும் பைக்கில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். போன பருவம் என்னிடம் வந்த அதே ஆள் இல்லை. ஆனால் அதே பச்சைச் சட்டை, அதே பேச்சு: "சென்சார் வச்சா எத்தனை மூட்டை வரும்னு முன்னாடியே சொல்லிடலாம்ணே." நேற்று டீக்கடையில் ஒரு தம்பி அவர்களிடம் முன்பணம் கொடுக்கப் போனதைப் பார்த்தேன். அவனிடம் வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பெரம்பலூர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும்.

எனக்கு மூன்று ஏக்கர் கரிசல். ஓடைப் பக்கம் ஒரு ஏக்கர் நல்ல ஆழமான மண், மேலே இரண்டு ஏக்கர் சுக்கான் கல் கலந்த மேட்டுக்காடு. புரட்டாசிக் கடைசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி தையில் கதிர் ஒடிக்கிற வேலை. 2018இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்று தீர்த்ததிலிருந்து இந்தப் பயிரில் யார் என்ன புதிதாகச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்கிற நிலைமைக்கு நாங்கள் வந்துவிட்டோம். அதை அவர்களும் தெரிந்துதான் வருகிறார்கள்.

வந்தவர் சொன்னது இரண்டு. ஒன்று, வறட்சி தாங்கும் விதை. பைக்கு 400 ரூபாய் கூடுதல், எனக்கு ஆறு பை. இரண்டாவது, 6,500 ரூபாய்க்கு சென்சார் திட்டம்: மண்ணில் ஒரு ஈரப்பதக் கம்பி, கையில் பிடிக்கும் கருவியால் பயிரை இரண்டு முறை அளப்பது, போனில் ஒரு ஆப், அதில் ஏக்கருக்கு இத்தனை குவிண்டால் என்ற கணிப்பு. விதையைப் பற்றிக் கேட்டபோது "அமெரிக்காவுல ஜீன் மாத்தினதுண்ணே" என்றார். அப்போது வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் அப்படி ஒரு விதை 2013 முதல் விற்பனையில் இருப்பது உண்மை. ஆனால் இந்தியாவில் மரபணு மாற்றிய மக்காச்சோளம் எதையும் பயிரிட அனுமதியே கிடையாது. எனக்குக் கொடுத்தது சாதாரண வீரிய ஒட்டு ரகம். பையில் தைத்திருந்த சீட்டில் வறட்சி என்ற வார்த்தைகூட இல்லை. படிக்கத் தெரிந்தும் படிக்காதது என் தப்பு.

விதைத்த 38ஆம் நாள் கருவியோடு வந்தார். பயிருக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் பிடித்துக்கொண்டு ஓடைப் பக்கமே நான்கு சால் நடந்தார். மேட்டுக்காட்டுக்கு வரச் சொன்னேன். "ஒரே விதை, ஒரே நாள்ல விதைச்சது, எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்று செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே சொன்னார். திரையில் 0.81 என்று வந்தது. அன்று மாலை போனில் கணிப்பு: ஏக்கருக்கு 31.4 குவிண்டால். வெறும் முப்பது என்று சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். அந்தப் புள்ளி நாலுதான் என்னைக் கவிழ்த்தது. இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறதே என்று.

அந்த 0.81 என்ன என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கருவி சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் இலை மேல் அடிக்கிறது. பச்சை இலை சிவப்பை விழுங்கிவிடும், அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது என்.டி.வி.ஐ. என்கிற எண். வெறும் மண்ணுக்கு மிகக் குறைவாகவும், இலை மூடிய காட்டுக்கு 0.8, 0.9 என்றும் காட்டும். அதாவது தரையைப் பச்சை எவ்வளவு மூடியிருக்கிறது என்று மட்டும் அதற்குத் தெரியும். அந்தப் பச்சை மக்காச்சோளமா, சாரணைக் களையா என்று தெரியாது. எங்கள் ஓடைப் பக்கம் அன்று இரண்டாம் களை எடுக்காமல் சாரணை பாய் விரித்தது மாதிரி கிடந்தது. இலை ஒன்றோடு ஒன்று மூடிய பிறகு பயிர் இன்னும் தழைத்தாலும் அந்த எண் பெரிதாக ஏறுவதும் இல்லை. நல்ல காடும் ரொம்ப நல்ல காடும் ஒரே எண்ணைக் காட்டும்.

கருவி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்த வகைக் கருவியைக் கோதுமையில் வைத்துப் பல வருஷம் வேலை செய்திருக்கிறார்கள். எதற்கு? மேலுரமாகத் தழைச்சத்து எவ்வளவு போடுவது என்று முடிவு செய்ய. காட்டில் ஒரு பட்டைக்கு மட்டும் தாராளமாக உரம் கொடுத்து, அதோடு மற்ற இடத்தை ஒப்பிடுவார்கள். விதைத்து எத்தனை நாள் நல்ல வளர்ச்சிக்கு ஏற்றதாக இருந்தது என்பதையும் கணக்கில் சேர்ப்பார்கள். அதில் வருவதும் விளையக்கூடிய அளவுதான், விளையப்போகிற அளவு இல்லை. ஊருக்கு ஊர், பயிருக்குப் பயிர் அறுத்து எடைபோட்டுச் சமன்பாட்டைச் சரிபார்க்க வேண்டும். எங்கள் கரிசலில் எத்தனை காட்டை அறுத்துப் பார்த்து இந்தச் சமன்பாட்டைப் போட்டீர்கள் என்று கடைசியில் கேட்டேன். இதுவரை பதில் இல்லை.

மக்காச்சோளத்தின் தலையெழுத்து 38ஆம் நாள் எழுதப்படுவதும் இல்லை. உச்சியில் ஆண் பூ மகரந்தம் கொட்டும்போது, கதிரில் பட்டு நூல் வெளியே வந்திருக்க வேண்டும். ஒரு நூலுக்கு ஒரு மணி. அந்த வாரம் வேர் காய்ந்தால் நூல் தாமதமாக வரும், அதற்குள் மகரந்தம் முடிந்துவிடும், கதிர் பொக்கையாகும். வறட்சி தாங்கும் ரகம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் தேர்ந்தெடுக்கும்போது முக்கியமாகப் பார்ப்பதில் ஒன்று இந்த இடைவெளி குறைவாக இருக்கிறதா என்பது. பூக்காத பயிரின் இலையைப் பார்த்து அதை எப்படிச் சொல்ல முடியும்?

கார்த்திகை கடைசியில் மழை நின்றது. 19 நாள் ஒரு சொட்டு இல்லை. சரியாகப் பூப்பருவம். பக்கத்துக் காட்டுப் பெரியப்பா வரப்பில் நின்று, "டேய், இலை சுருட்டுது பாரு. கிணத்துல ரெண்டு நாளைக்குத் தண்ணி கெடக்கு, மேட்டுக்காட்டுக்கு மட்டும் ஒரு உயிர்த்தண்ணி விட்டுக்க" என்றார். காய்கிற பயிரைக் காப்பாற்ற ஒரே ஒரு முறை பாய்ச்சுவதைத்தான் அப்படிச் சொல்வோம். நான் போனை எடுத்துப் பார்த்தேன். மண் ஈரம் 28 சதவீதம், பச்சைக் கோடு. "வேண்டாம் பெரியப்பா, அடியில ஈரம் இருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் காட்டுக்கே தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்.

66ஆம் நாள் சந்தேகம் வந்து அந்தக் கம்பியைப் பிடுங்கினேன். ஒட்டியிருந்த மண் உருண்டை கையில் பொடியாக உதிர்ந்தது. கம்பியைத் துடைத்து வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். சாயந்திரம் ஆப்பைத் திறந்தால் 28 சதவீதம். மறுநாள் காலை 28. கம்பி திண்ணையில், பூனைக்குட்டி அதன் வயரைக் கடித்து விளையாடிக்கொண்டிருக்கிறது. போனில் என் காடு ஈரமாக இருக்கிறது. பிறகு பேட்டரி மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே துரு. எப்போது செத்ததோ, கடைசியாக அனுப்பிய எண்ணையே ஆப் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இதற்கும் மேலே ஒன்று: அதே ஆளிடம் திட்டம் வாங்கிய இன்னொருவர் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். அவர் போனிலும் 31.4.

அதற்குள் நான் வேறொரு வேலை செய்து வைத்திருந்தேன். கணிப்பைக் காட்டி ஒரு வியாபாரியிடம் 80 குவிண்டால் தருவதாக எழுதிக் கொடுத்து 40,000 முன்பணம் வாங்கியிருந்தேன். குறைந்தால் குவிண்டாலுக்கு 300 ரூபாய் பிடித்தம். வியாபாரியைக் குறை சொல்ல முடியாது, எழுதியபடிதான் நடந்தார்.

கதிர் பால் வற்றியதும் என் மகளும் நானும் டேப்போடு இறங்கினோம். பாருக்குப் பார் 60 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 6.75 மீட்டர் நீளம் ஒரு ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காடு முழுக்க ஆறு இடத்தில் எண்ணியதில் சராசரி 21 கதிர். கதிருக்கு 14 வரிசை, வரிசைக்கு 22 மணி. ஆயிரம் மணி 270 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்குப் பதினேழரைக் குவிண்டால். அடித்து, ரோட்டோரம் காயவைத்து, ஈர மீட்டரில் 14 சதவீதத்துக்கு வந்த பிறகு எடை போட்டால் மூன்று ஏக்கருக்கும் சேர்த்து 54. ஏக்கருக்குப் பதினெட்டு. 31.4 எங்கே, 18 எங்கே. டேப்பின் விலை 60 ரூபாய்.

பிடித்தம் 7,800, திட்டத்துக்கு 6,500, விதையில் கூடுதல் 2,400. மொத்தம் 16,700. விடாமல் போன உயிர்த்தண்ணீருக்கு என்ன கணக்குப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா காட்டில் ஏக்கருக்கு 23 வந்தது.

போன் செய்தேன். "அண்ணே, நாங்க சொன்னது பொட்டென்ஷியல்" என்றார் எனக்குத் திட்டம் விற்றவர். அதாவது விளையக்கூடிய அளவாம். ஆப்பின் அடியில் எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், இது வழிகாட்டல் மட்டுமே என்று இருந்ததாம். வானிலை மாறினால் கணிப்பும் மாறும்தானே, ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். கணிப்பை மாற்றிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 2012இல் அமெரிக்காவில் பெரிய வறட்சி. அந்த மே மாதம் அவர்களுடைய வேளாண் துறை ஏக்கருக்கு 166 புஷல் (அந்த ஊர்த் தானிய அளவு) மக்காச்சோளம் வரும் என்றது. காய ஆரம்பித்ததும் ஜூலையில் 146, ஆகஸ்டில் 123 என்று தானே இறக்கிச் சொன்னது. கடைசியில் விளைந்ததும் அதை ஒட்டித்தான். தப்பாகச் சொல்வது பெரிய விஷயம் இல்லை. என் போனில் அறுவடை அன்றும் 31.4தான் இருந்தது. இரண்டாவது முறை அளக்க யாரும் வரவே இல்லை.

திட்டம் வாங்கியே ஆக வேண்டும் என்பவர்கள் பூ வந்த பிறகு ஒரு முறை அளப்பார்களா, மேட்டிலும் பள்ளத்திலும் அளப்பார்களா என்பதைப் பணம் கொடுக்கும் முன் எழுதி வாங்குங்கள். முடியாது என்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். விதைப் பை, சீட்டு, ரசீது மூன்றையும் அறுவடை வரை பத்திரமாக வையுங்கள். நான் பையைச் சாணி அள்ளப் போட்டுவிட்டேன். சீட்டு மட்டும் தப்பியதால்தான் விதை ஆய்வாளர் என் பேச்சையே கேட்டார். நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழில் பேசலாம். மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். ஆப்பின் திரையைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நான் மனு போட்ட மறுவாரமே என் கணக்கை முடக்கிவிட்டார்கள்.

இப்போது கம்பியைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் 4,000 கட்டு என்று மூன்று முறை போன் வந்துவிட்டது. எந்தத் தேதியில், காட்டில் எந்த இடத்தில் என்ன அளந்தீர்கள் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துப் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் யாரும் வரவில்லை.