சேமிப்பை உத்தரவாதத்தோடு விற்கும் சேவை: பொதுக் கட்டடங்களுக்கான எரிசக்தி ஒப்பந்தங்கள் பற்றி ஒரு மதிப்பாய்வு

எரிசக்தி சேமிப்புச் செயல்திறன் ஒப்பந்தம் என்ற பெயரில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் விற்கப்படும் சேவையை, வாங்குபவரின் பக்கம் நின்று இங்கே மதிப்பிடுகிறேன். விற்பவர்களின் கையேட்டில் இது மிக எளிமையானது. எரிசக்தி சேவை நிறுவனம் ஒன்று கட்டடத்தைத் தணிக்கை செய்யும்; பழைய விளக்குகள், பம்புகள், சில்லர்கள் (கட்டடத்தைக் குளிரூட்டக் குளிர்நீர் தரும் இயந்திரங்கள்), பாய்லர்கள் ஆகியவற்றை மாற்றித் தரும்; அதற்கான முதலீட்டைத் தானே போடும் அல்லது கடனாக ஏற்பாடு செய்யும்; குறைந்துபோகும் மின்கட்டணத்திலிருந்தே பத்து, பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பணம் திரும்பக் கட்டப்படும்; வாக்களித்த அளவுக்குச் சேமிப்பு வராவிட்டால் குறைகிற தொகையை நிறுவனமே ஈடுகட்டும். கையில் முதலீட்டுக்குப் பணமில்லாமல், மாதாமாதம் மின்கட்டணத்தை மட்டும் தவறாமல் கட்டிவரும் ஒரு நகராட்சிக்கு இந்த ஏற்பாடு கவர்ச்சியாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேவை நல்ல சேவைதான். ஆனால் அதன் பயன் முழுவதும், ஆண்டுதோறும் நிறுவனம் தரும் சேமிப்பு அறிக்கையை வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்கக்கூடிய ஒரு பொறியாளர் வாங்குபவரிடம் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. அப்படி ஒருவர் இல்லாத அமைப்பு கையெழுத்திடும் ஒப்பந்தம், நடைமுறையில் சாதனங்களை அதிக வட்டிக்குத் தவணையில் வாங்கியதாகவே முடிகிறது.

தணிக்கைக் கட்டத்துக்கு நான் தாராளமாகவே மதிப்பெண் தருவேன். தரமான நிறுவனங்கள் அனுப்பும் குழு வெறும் மின்கட்டணப் பட்டியலோடு நின்றுவிடுவதில்லை. எந்தப் பம்ப் வால்வால் நெரிக்கப்பட்டு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, எந்தக் காற்றுக் கையாளும் இயந்திரம் ஆளில்லாத இரவுகளிலும் நிறுத்தப்படாமல் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கும் தெரியாத செய்திகள் அந்த அறிக்கையில் வெளிவருவதுண்டு. மையவிலக்குப் பம்பின் வேகத்தை 80 சதவீதத்துக்குக் குறைத்தால், உராய்வு மட்டுமே தடையாக உள்ள குழாய் அமைப்பில், அதற்குத் தேவையான மின்திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். மின்திறன் வேகத்தின் கனத்துக்கு (வேகத்தை மூன்று முறை பெருக்கி வரும் எண்ணுக்கு) ஏற்ப மாறுவதே காரணம். இந்த ஒரு மாற்றம் தரும் பலனை, பளிச்சென்று கண்ணில் படும் பல மாற்றங்கள் தருவதில்லை.

சிக்கல், எந்தெந்த வேலைகளை ஒப்பந்தத்தில் சேர்ப்பது என்ற இடத்தில் தொடங்குகிறது. விளக்கு மாற்றுவது சில ஆண்டுகளில் முதலைத் திருப்பித் தந்துவிடும். சன்னல்களை மாற்றுவதும் கூரைக்கு வெப்பக் காப்பு போடுவதும் இருபது ஆண்டுகளைத் தாண்டலாம். நிறுவனம் இயல்பாகவே முதல் வகையை விரும்பும். விளக்கு வேலையை மட்டும் தனியே கொடுத்துவிட்ட அமைப்புக்குப் பிறகு சன்னல் வேலையை எடுக்க ஆள் கிடைப்பதில்லை, ஏனெனில் அந்தச் செலவைத் தாங்கியிருக்க வேண்டிய எளிய சேமிப்பு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. பெர்லின் நகரம் 1996 முதல் நடத்திய எரிசக்தி சேமிப்புக் கூட்டுத் திட்டத்தில் பல பொதுக் கட்டடங்களை ஒரே தொகுப்பாகச் சேர்த்து டெண்டர் விட்டதன் நியாயம் இங்கேதான் புரிகிறது. தனியாக விட்டால் யாரும் சீண்டாத சிறு கட்டடமும், அதிகம் வீணாக்கும் பெரிய கட்டடத்தோடு சேர்ந்து கரையேறிவிடும்.

அடுத்தது அடிப்படை அளவு. ஒப்பந்தத்துக்கு முன் கட்டடம் எவ்வளவு மின்சாரத்தையும் எரிபொருளையும் செலவழித்தது என்ற கணக்குதான் இனிவரும் எல்லா ஆண்டுகளுக்கும் அளவுகோல். அந்த அளவுகோல் சற்று நீளமாக அமைந்துவிட்டால் ஒன்றும் செய்யாமலேயே சேமிப்பு வந்ததாகக் காட்ட முடியும். அடிப்படை ஆண்டில் பாதி குளிர்சாதனங்கள் பழுதாகிக் கிடந்தன என்று வைத்துக்கொள்வோம். அவை ஓடியிருந்தால் எவ்வளவு மின்சாரம் ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்து அடிப்படையை உயர்த்த வேண்டும் என்று நிறுவனம் கேட்கும். கேட்பது நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. இனிமேல் எல்லா அறைகளும் குளிரப்போகின்றன அல்லவா? ஆனால் அந்தக் கூடுதல் மின்சாரத்துக்கு நகராட்சி ஒருபோதும் பணம் கட்டியதில்லை. கட்டாத கட்டணத்தில் கிடைத்த சேமிப்பைக் காட்டி நிஜப் பணத்தில் தவணை வாங்குவது எந்த வரவு செலவுத் திட்டத்திலும் பொருந்தாது. இப்படி உயர்த்தப்பட்ட பகுதியைத் தனி வரியாகக் காட்டாத ஒப்பந்த வரைவை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அடிப்படை ஆண்டாக 2020 அல்லது 2021ஐ எடுத்துக்கொண்ட ஒப்பந்தங்களில் இதற்கு நேர்மாறான குழப்பம் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் பல அலுவலகங்களும் பள்ளிகளும் ஆளின்றிக் கிடந்ததால் பயன்பாடு செயற்கையாகத் தாழ்ந்திருந்தது. அதை அப்படியே அளவுகோலாக வைத்தால் எந்த நிறுவனமும் உத்தரவாதம் தராது. ஆகவே வெப்பநிலைக்கும், கட்டடத்தைப் பயன்படுத்தும் ஆட்களின் எண்ணிக்கைக்கும், பள்ளி வேலை நாட்களுக்கும் ஏற்ப அடிப்படையைத் திருத்தும் சூத்திரம் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். பின்னாளில் பள்ளி புதிதாகக் கணினி ஆய்வகம் கட்டினாலோ, மருத்துவமனை ஒரு ஸ்கேன் இயந்திரத்தைச் சேர்த்தாலோ, அதன் மின்சாரத்தை யார் கணக்கில் எழுதுவது என்ற தகராறு நிச்சயம் வரும்.

இனி அளவீடும் சரிபார்ப்பும். இந்தச் சேவையின் உயிர்நாடி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உலகெங்கும் பெரும்பாலும் பின்பற்றப்படும் பன்னாட்டு அளவீட்டு நெறிமுறை நான்கு வழிகளைத் தருகிறது. ஏ வழியில், மாற்றப்பட்ட சாதனத்தின் முக்கியமான ஓர் அளவை மட்டும் அளந்து மற்றவற்றை மதிப்பீடாக ஏற்றுக்கொள்கிறார்கள். பி வழியில் தேவையான எல்லா அளவுகளையும் அளக்கிறார்கள். சி வழியில் முழுக் கட்டடத்தின் மீட்டரையே பார்க்கிறார்கள். டி வழியில் கணினி மாதிரியை உண்மையான பயன்பாட்டோடு ஒப்பிட்டுச் சீர்செய்து கணக்கிடுகிறார்கள். மலிவானது பெரும்பாலும் ஏ வழி. விளக்குகள் தொடர்பான ஒப்பந்தங்களில் அதிகம் தென்படுவதும் அதுவே.

அதில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு போதும். நாற்பது வாட் இழுக்கும் 1,000 டியூப் லைட்டுகளை எடுத்துவிட்டு 18 வாட் எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்படுகின்றன. ஒரு விளக்குக்கு 22 வாட் மிச்சம். இதை மீட்டர் வைத்து அளந்து காட்டுகிறார்கள், அதில் பிழையில்லை. ஆனால் விளக்கு ஆண்டுக்கு 3,000 மணி நேரம் எரிகிறது என்பது மேசையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட எண். அந்த எண்ணின்படி ஆண்டுச் சேமிப்பு 66,000 யூனிட். உண்மையில் அந்த அறைகள் 2,000 மணி நேரமே திறந்திருந்தால் மிச்சமானது 44,000 யூனிட்தான். இருந்தாலும் ஆண்டறிக்கையில் 66,000 என்றே அச்சாகும், உத்தரவாதமும் நிறைவேறியதாகவே எழுதப்படும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒப்பந்தம் அப்படித்தான் கணக்கிடச் சொல்கிறது. சில அறைகளில் சிறு பதிவுக் கருவியை ஒரு பருவம் முழுக்க வைத்துவிட்டால் தெரிந்துவிடக்கூடிய எண்ணை, பேரம் பேசி முடிவுசெய்வது எனக்கு இன்றுவரை விளங்காத வழக்கம்.

இரட்டைக் கணக்கு இன்னொரு ஓட்டை. புதிய விளக்குகள் குறைவான வெப்பத்தை வெளிவிடுவதால் சில்லரின் சுமை குறையும். அந்தப் பலனை விளக்குப் பக்கத்தில் ஒருமுறையும், பழைய விளக்குகள் எரிந்தபோது இருந்த சுமையை வைத்துச் சில்லர் பக்கத்தில் மறுமுறையும் எண்ணிவிடும் அறிக்கைகள் வருகின்றன. சி வழியில் இது தானாகவே பிடிபடும். ஆனால் மொத்தப் பயன்பாட்டில் எதிர்பார்க்கும் சேமிப்பு பத்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், மீட்டரின் இயல்பான ஏற்ற இறக்கத்தில் அது கரைந்துபோகும்; ஆகவே சிறிய வேலைகளுக்கு அந்த வழி உதவாது.

இந்தத் தகராறு புதியதும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட்டும் மேத்யூ போல்டனும் கார்ன்வால் சுரங்கங்களுக்கு நீராவி இயந்திரம் கொடுத்தபோது, பழைய நியூகமன் இயந்திரத்தோடு ஒப்பிட்டு மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கட்டணமாகக் கேட்டார்கள். இயந்திரம் எத்தனை முறை இயங்கியது என்பதை எண்ண, பூட்டிய பெட்டிக்குள் ஓர் எண்ணியைப் பொருத்தினார்கள். அப்படியும் சுரங்க முதலாளிகளுக்கும் அவர்களுக்கும் இடையே கட்டணச் சண்டை ஓயவில்லை.

அமெரிக்க மத்திய அரசில் இந்த ஒப்பந்தங்களுக்கு 1992ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம் வழிவகுத்தது. ஒப்பந்தக் காலம் 25 ஆண்டுகள் வரை நீளலாம். அந்நாட்டின் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2015இல் வெளியிட்ட அறிக்கையில், மாதிரிக்கு எடுத்துக்கொண்ட 20 திட்டங்களில் 14இன் ஆண்டறிக்கைகள் சேமிப்பை மிகைப்படுத்திக் காட்டின என்று கண்டது. இங்கே குறை பெரும்பாலும் விற்றவர் பக்கம் இல்லை. அரசு அமைப்புகளே ஒத்துக்கொண்டபடி சாதனங்களை இயக்காததாலும் பராமரிக்காததாலும் கைவிட்டுப்போன சேமிப்பு, ஒப்பந்தப்படி நிறுவனத்தின் கணக்கில் வந்ததாகவே எழுதப்பட்டிருந்தது. வாங்குபவர்கள் இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும்: இரவில் அணைக்கும்படி நிறுவனம் அமைத்துக் கொடுத்த நேர அட்டவணையைக் காவலாளி மாற்றிவிட்டால், அந்த நஷ்டம் நகராட்சியுடையது.

பணக் கணக்கில் நான் மிகவும் எரிச்சலடையும் இடம், மின்கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு உயரும் என்ற ஊகம். ஆண்டுக்கு நான்கு சதவீதம் என்று வைத்தால் 15 ஆண்டுகளில் ஒரு யூனிட்டின் விலை 1.8 மடங்காகும், இரண்டு சதவீதம் என்று வைத்தால் 1.35 மடங்கைத் தாண்டாது. பட்டியலின் கடைசி ஆண்டுகளில் தெரியும் கொழுத்த லாபம் பெரும்பாலும் இந்த ஒற்றை எண்ணிலிருந்து முளைத்தது. பொறியியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூடவே, கட்டணத்தில் ஒரு பங்கு நிலையான கட்டணமாகவும் உச்சத் தேவைக் கட்டணமாகவும் (ஒரே நேரத்தில் இழுக்கும் மின்திறனின் உச்ச அளவுக்கான கட்டணம்) இருக்குமானால், மிச்சமான யூனிட்டுகளை மொத்தச் சராசரி விலையால் பெருக்குவது தவறு. யூனிட் குறையும், நிலையான கட்டணம் அப்படியே இருக்கும். உத்தரவாதம் யூனிட்டில் தரப்படுகிறதா பணத்தில் தரப்படுகிறதா, பணமென்றால் எந்த விலையில் என்பதை ஒரே பத்தியில் தெளிவாகச் சொல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

முதலீட்டை யார் போடுவது என்பதில் இரண்டு மாதிரிகள் உண்டு. உத்தரவாதச் சேமிப்பு மாதிரியில் கடன் அரசு அமைப்பின் பெயரில் இருக்கும், செயல்திறன் குறையும் ஆபத்தை நிறுவனம் ஏற்கும். பகிர்வு மாதிரியில் நிறுவனமே கடன் வாங்கி, வந்த சேமிப்பைப் பங்கிட்டுக்கொள்ளும். இரண்டாவது இனிப்பாகத் தெரிந்தாலும், தனியார் வாங்கும் கடனுக்கு வட்டி பொதுவாக அதிகம், அதைக் கடைசியில் சுமப்பது சேமிப்பின் பங்குதான். அரசின் கடன் கணக்கில் ஏறாது என்பதற்காக மட்டுமே அதைத் தேர்ந்தெடுப்பவர்கள், எந்த ஆபத்து யாரிடம் இருந்தால் அது அரசுக் கடனாகும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் 2017இல் தந்த வழிகாட்டுதலைப் போன்ற விதிகளைத் தங்கள் நாட்டில் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. மறுபக்கம், உள்ளாட்சிகள் தவணை கட்டாமல் இழுத்தடிப்பதும் இந்தச் சேவையைக் கெடுக்கிறது. இந்தியாவில் 2015இல் தொடங்கிய தெருவிளக்குத் திட்டத்தில் பொதுத்துறை எரிசக்தி சேவை நிறுவனமான இஇஎஸ்எல் முதலீடு போட்டு விளக்குகளை மாற்றியது. பல உள்ளாட்சிகளின் நிலுவை பெருகி அந்த நிறுவனத்துக்கே சுமையானது. பணம் வராது என்று அஞ்சும் நிறுவனம் அடுத்த டெண்டரில் விலையைக் கூட்டித்தான் கேட்கும்.

பராமரிப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: முதல் சில ஆண்டுகள் சிறப்பாக இருக்கும், பிறகு ஆள் மாறுவார்கள். அறை வெப்பநிலை, வெளிச்ச அளவு, புதிய காற்றின் அளவு ஆகியவற்றுக்கு எண்ணிட்ட குறைந்தபட்ச வரம்பு ஒப்பந்தத்தில் இருந்தால், வகுப்பறையைப் புழுங்கவிட்டு யூனிட்டை மிச்சப்படுத்தும் குறுக்குவழி அடைபடும்.

பரவலாகப் பழைய கட்டடங்களும், முறையாகச் சேகரித்த மின்கட்டணப் பதிவுகளும், மேற்பார்வைக்கு ஓர் ஆளும் உள்ள பெரிய மாநகராட்சிக்கோ மருத்துவமனைத் தொகுதிக்கோ இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டே கட்டடங்கள் வைத்திருக்கும் சிறிய ஊராட்சி, விளக்கையும் பம்பையும் சொந்தச் செலவில் மாற்றிக்கொள்வது மேல். ஆண்டுதோறும் அளவீட்டுக்கு ஆகும் செலவே அங்கு சேமிப்பில் பெரும்பங்கைத் தின்றுவிடும். வாங்குகிறவர்கள், நிறுவனத்தோடு தொடர்பில்லாத சரிபார்ப்பாளருக்கான செலவைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். மீட்டர் தரவு முழுவதும் திறந்த வடிவத்தில் தங்களுக்கே சொந்தம் என்றும், ஒப்பந்தம் முடிவதற்கு ஓராண்டு முன்பு எல்லாச் சாதனங்களும் கூட்டாகச் சோதிக்கப்படும் என்றும், கட்டுப்பாட்டு மென்பொருளின் கடவுச்சொற்கள் அன்றே ஒப்படைக்கப்படும் என்றும் வரைவில் எழுதி வாங்கிக்கொள்வது அவசியம். தவணைகள் எல்லாம் தீர்ந்த பிறகும் கடவுச்சொல் கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் அலுவலகங்கள் உண்டு.