மலிவு மோல்டில் எதை ஊற்றலாம்? பிஓபி முதல் எபாக்சி வரை

சிலிகான் சீலன்ட்டில் அதே அளவு கார்ன்ஃப்ளார் பிசைந்து செய்யும் மோல்டு விறைப்பாக இருக்கும், சுலபமாகக் கிழியும், மாவு ஈரத்தைப் பிடித்து வைக்கும். டயோராமா (சிறிய முப்பரிமாணக் காட்சி), ரயில் மாடல் செய்கிறவர்கள் இந்த மூன்றையும் பார்த்துத்தான் அதில் ஊற்றும் கலவையை வாங்க வேண்டும். எதை ஊற்றுவதானாலும் சீலன்ட்டின் வினிகர் வாடை போகும்வரை மோல்டைக் காற்றாட விடுங்கள்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் (பிஓபி) எல்லாவற்றிலும் மலிவு. 100 கிராமுக்கு 60 முதல் 70 மில்லி தண்ணீர். பாறை, கல்சுவர் போன்ற தடித்த துண்டுகளுக்குப் போதும். மெல்லிய துண்டென்றால் விறைப்பான மோல்டிலிருந்து எடுக்கும்போதே முனை ஒடிந்துவிடும். இறுக ஆரம்பித்த கலவையில் தண்ணீர் விட்டு இளக்காதீர்கள். காய்ந்தபின் மாவாக உதிரும்.

எங்கள் தேர்வு டென்டல் ஸ்டோன். பல் மருத்துவப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும். இதுவும் ஜிப்சம்தான், ஆனால் துகள்கள் அடர்த்தியானவை. அதனால் 100 கிராமுக்கு சுமார் 30 மில்லி தண்ணீர் போதும். இதைவிடக் கடினமான டை ஸ்டோன் என்ற வகைக்கு 22 முதல் 24 மில்லி. கூடுதல் தண்ணீர் ஆவியாகும் இடமெல்லாம் நுண்துளையாகிவிடும், தண்ணீர் குறைந்தால் உறுதி கூடும். கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் பொடியைத் தூவி, ஊறவிட்டு, பிறகு கலக்குங்கள். சோப்புத் தண்ணீரை மோல்டில் லேசாகத் தெளித்து, அதிகமானதை உதறிவிட்டு, முதல் பூச்சைப் பிரஷ்ஷால் மூலைகளில் தடவுங்கள். மீதியை ஒரே ஓரத்திலிருந்து ஊற்றி, மேசையைத் தட்டினால் குமிழ்கள் மேலே வரும். இறுகும்போது சூடாகும்; சூடு ஆறியபின் மோல்டை வளைத்துக் கழற்றுங்கள், துண்டைப் பிடித்து இழுக்காதீர்கள்.

பாலியஸ்டர் ரெசின் விலைக்காக வாங்குவது. நாற்றம் அதிகம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம். தடித்த துண்டுக்குக் குறைவாக, இல்லையென்றால் சூட்டில் வெடிப்பு விடும். கொள்ளளவில் 5 முதல் 8 சதவீதம் சுருங்கும் என்பதால் பொருந்த வேண்டிய பாகங்களுக்கு ஆகாது. காற்றுபட்ட பக்கம் பிசுபிசுக்கும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனியாக வாங்கினால் முதலில் ரெசினில் கலக்கி, அதன்பிறகே ஹார்டனர்; இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும் அபாயம் உண்டு.

பாலியூரித்தேன் நல்ல பொருள்தான், இந்த மோல்டுக்குத்தான் ஒத்துவராது. மாவிலுள்ள ஈரம் பட்டால் நுரைத்துப் பஞ்சுபோல் ஆகும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் நல்ல ஆர்டிவி சிலிகான் (அறை வெப்பத்திலேயே இறுகும், மோல்டு செய்யும் சிலிகான்) மோல்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏணி, கைப்பிடி, ஜன்னல் சட்டம் போன்ற மெல்லிய பாகங்களுக்கு எபாக்சி. விலை அதிகம், இறுக ஒரு நாள் பிடிக்கும், ஆனால் சுருக்கம் குறைவு. பாட்டிலில் போட்டிருக்கும் விகிதம் எடையா கொள்ளளவா என்று பாருங்கள். தவறினால் ரப்பராகவே நிற்கும். ஊற்றுமுன் ரெசின் பாட்டிலை வெந்நீரில் வைத்தால் இளகிக் குமிழ் குறையும், கலந்தபின் வேலை செய்யக் கிடைக்கும் நேரமும் குறையும்.

ஒரே மோல்டில் மூன்றையும் ஊற்றுவதாக இருந்தால் ஸ்டோன் முதலில், அடுத்து எபாக்சி. பாலியஸ்டரைக் கடைசிக்கு வையுங்கள், அதிலுள்ள ஸ்டைரீன் சிலிகானை அரித்துவிடும்.