மலைப்பாதைக்கு ரோட் சைக்கிளா, டிரையத்லன் சைக்கிளா?

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று சொல்லத்தக்கவை பாலங்கள் மட்டுமே என்பதால், இங்கே சைக்கிள் பழகியவர்களுக்குக் கியரின் அருமை காலந்தாழ்த்தித்தான் விளங்குகிறது. எனக்கு அது கம்பளையைத் தாண்டி, புசல்லாவைக்குப் போகும் வழியில் விளங்கியது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த சின்னம்மாவின் மகன் திரும்பிப் போகும்போது தன் டிரையத்லன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) சைக்கிளை என்னிடம் விட்டுச் சென்றான். அலுமினியச் சட்டம் கொண்ட ரோட் சைக்கிள் ஒன்று ஏற்கெனவே என்னிடம் உண்டு. இரண்டையும் முதலில் பொன்னாலைப் பாலம் வழியாகக் காரைநகருக்கும், பின்னர் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கும் ஓட்டிப் பார்த்தேன். ('பைக்' என்றால் எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள்தான், ஆகவே இரண்டையும் சைக்கிள் என்றே எழுதுகிறேன்.)

பொன்னாலைப் பாலத்தில் டிரையத்லன் சைக்கிளுக்கு நிகர் இல்லை. ரோட் சைக்கிளில் சீற் குழாய் 73 பாகை அளவில் சாய்ந்திருக்கும்; டிரையத்லன் சைக்கிளில் அது 76 பாகைக்கு மேல் நிமிர்ந்திருக்கும். அதனால் ஓட்டுபவர் முன்னுக்குத் தள்ளி அமர்ந்து, முழங்கைகளை ஹாண்டிலில் உள்ள மெத்தைகளில் ஊன்றி, இடுப்பு அதிகம் மடியாமலே முதுகைத் தாழ்த்திக்கொள்ள முடிகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் இந்த இருப்பு மட்டும் ஏறத்தாழ 35 வாற் மிச்சப்படுத்தும் என்பது என் கணக்கு. சோளகக் காற்றை எதிர்த்துப் போகும் நாளில் கணக்குப் பார்க்கவே தேவையில்லை, கால் சொல்லிவிடும். ஆனால் அதே காற்று பக்கவாட்டில் வீசினால், உயரம் கூடிய றிம் பூட்டிய முன்சில்லு பாய்மரம் போலத் திரும்பப் பார்க்கிறது. இருபுறமும் கடல் கிடக்கும் பாலத்தில் அது இனிய அனுபவம் அன்று.

மலையில் ரோட் சைக்கிள் வெல்வதற்கு அதன் எடைதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். என் இரு சைக்கிள்களுக்கும் இடையிலான வித்தியாசம் 800 கிராம். ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொண்டால், அது நூற்றுக்கு ஒரு பங்கு. ஒரு மணி நேர ஏற்றத்தில் அரை நிமிடம் அளவில்தான் பிந்தும். 7 வீதச் சரிவில் மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுகையில், செலவிடும் சுமார் 200 வாற்றில் 180க்கு மேற்பட்டது புவியீர்ப்புக்கே போய்விடுகிறது. காற்றுக்கு மிஞ்சுவது ஏழு, எட்டு வாற் மட்டுமே. ஆகவே ஏற்றத்தில் டிரையத்லன் சைக்கிள் தன் பலத்தை இழக்கிறதே தவிர, எடையால் தோற்பதில்லை.

அது தோற்பது கியரில். சின்னம்மாவின் மகனுடைய சைக்கிளில் முன் சிறிய பல்சக்கரத்துக்கு 36 பற்கள், பின்னால் மிகப் பெரியதற்கு 28. மணிக்கு 9 கிலோமீற்றருக்கு வேகம் இறங்கும் இடத்தில் பெடல் நிமிடத்துக்கு 55 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் முழங்காலில் ஏறுகிறது. என் ரோட் சைக்கிளில் 34க்கு 34 இருப்பதால் அதே வேகத்தில் 70 சுற்று கிடைக்கிறது. பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டுவிடலாமே என்று கடையொன்றில் கேட்டேன். தாராளமாகப் போடலாம் என்று காசை வாங்கிப் பூட்டியும் தந்தார்கள். வீட்டு முற்றத்தில் கடைசிக் கியருக்கு மாற்றியதும் செயின் இறுகி நின்றுவிட்டது. பின்பக்கக் கியர் மாற்றியின் கை அதற்குப் போதிய நீளம் இல்லை என்பதை அவர்கள் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

இறக்கம்தான் என் தீர்ப்பை முடிவாக்கியது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து லபுக்கலைத் தேயிலைத் தோட்டங்களின் ஊடாக இறம்பொடைக்கு இறங்கும் வீதியில் வளைவுக்கு மேல் வளைவு, எதிரே பஸ், பல நாட்களில் பனிமூட்டமும் தூறலும். டிரையத்லன் சைக்கிளில் கியர் மாற்றும் விசை நீட்டுப்பிடியின் (முழங்கை ஊன்றும்போது கை பிடிக்கும், முன்னுக்கு நீளும் பிடி) நுனியிலும், பிறேக் இரு பக்கமும் உள்ள வெளிப்பிடியிலும் இருக்கின்றன. நீட்டுப்பிடியில் கை இருக்கும்போது பிறேக் பிடிக்க முடியாது. பிறேக்கில் கை இருக்கும்போது கியர் மாற்ற முடியாது. மின்கியர் பூட்டிய சைக்கிள்களில் இரண்டு இடத்திலும் பொத்தான் வைக்கலாம். இதில் அந்த வசதி இல்லை. உடல் முன்னுக்கு இருப்பதால் பாரமும் முன்சில்லில் விழுகிறது. ஈரத்தில் கார்பன் றிம்மைப் பிறேக் கட்டை முதல் ஓரிரு சுற்றுக்குப் பிடிக்கவே இல்லை. காய்ந்த இடத்தில் தொடர்ந்து பிடித்தபோது கட்டை கருகும் மணம் வந்தது. இரண்டு தடவை இறங்கி நின்று சில்லை ஆறவிட்டேன். மறுநாள் அதே வீதியில் ரோட் சைக்கிளின் வளைந்த ஹாண்டிலைக் கீழே பிடித்து, இரு விரல்கள் பிறேக்கிலேயே இருக்க, தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களைப் பார்க்கும் அளவுக்கு நிதானமாக இறங்கினேன். ஆனாலும் முந்திய நாளைவிட விரைவாக வந்து சேர்ந்தேன்.

பராமரிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சைக்கிள் திருத்துநர் கைதேர்ந்தவர், ஆனால் வயர்கள் எல்லாம் சட்டத்துக்குள் மறைந்திருக்கும் சைக்கிளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதுக்கு வயர் எந்தப் பக்கத்தால போகுது?" என்று கேட்டார். என்னாலும் பதில் சொல்ல முடியவில்லை.

2018 இல் கொழும்பில் நடந்த 70.3 டிரையத்லன் போட்டியைப் (மொத்தத் தூரம் 70.3 மைல்) போலச் சைக்கிள் பகுதியின் 90 கிலோமீற்றரும் சமதரையாக இருந்தால் டிரையத்லன் சைக்கிளையே எடுங்கள். ஒருவர் பின் ஒருவர் ஒட்டி ஓட அனுமதிக்கும் ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் அந்தச் சைக்கிளுக்கே இடமில்லை. ஏற்றமும் வளைந்த இறக்கமும் உள்ள பாதைக்கு, அதிலும் ஒரே ஒரு சைக்கிள்தான் வாங்க முடியும் என்றால், ரோட் சைக்கிளை வாங்கிக் கழற்றக்கூடிய நீட்டுப்பிடி ஒன்றைப் பூட்டிக்கொள்வதே என் பரிந்துரை. நான் சீற்றை இரண்டு சென்ரிமீற்றர் முன்னுக்குத் தள்ளினேன். பொன்னாலைப் பாலத்தில் இழந்த வேகத்தில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைத்தது. மலைக்குப் போகும் வாரத்தில் சீற்றைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடுகிறேன். அதற்கு ஒரு அலன் சாவியும் ஐந்து நிமிடமும் போதும்.