பழைய யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரியா, இன்வெர்ட்டரில் மாட்டிவிடலாமா?

கரண்ட் போன அதே நொடியில் கம்ப்யூட்டரும் அணைந்தது. மேசைக்கடியில் யூபிஎஸ் ஒரே ஒரு முறை 'பீப்' என்று கத்திவிட்டு அடங்கிவிட்டது. நான்கு வருடம் உழைத்த 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யூபிஎஸ் அது. அதில் புது பேட்டரி போடலாம், புது யூபிஎஸ் வாங்கலாம், இல்லையென்றால் வீட்டு இன்வெர்ட்டர் லைனிலேயே கம்ப்யூட்டரை மாட்டிவிடலாம். மூன்றையும் யோசித்து, இரண்டைச் செய்தும் பார்த்துவிட்டு, கடைசியில் புது பேட்டரிதான் போட்டேன். அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

பழுது எங்கே என்று முதலில் பார்த்துவிடுங்கள். யூபிஎஸ் போய்விட்டது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் போயிருப்பது பேட்டரிதான். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு 60 வாட் குண்டு பல்பை மட்டும் மாட்டி, சுவர் ஸ்விட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த்தும் சேர்ந்து போய்விடும். பல்பு நிமிடக்கணக்கில் எரிந்தால் பேட்டரியில் இன்னும் உயிர் இருக்கிறது, அது தாங்காத அளவுக்கு லோடு ஏற்றியிருக்கிறோம். சில நொடிகளில் அணைந்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது.

மல்டிமீட்டரை மட்டும் நம்பி நான் ஏமாந்தேன். பேட்டரியை வெளியே எடுத்து அளந்தபோது 12.6 வோல்ட் காட்டியது. நன்றாகத்தானே இருக்கிறது என்று திரும்ப மாட்டப் போனேன். சந்தேகத்துக்கு ஒரு 12 வோல்ட் ஹெட்லைட் பல்பை அதில் இணைத்தேன். பல்பு மங்கலாக எரிய, மீட்டரில் எண் கண் முன்னாலேயே சரசரவென்று 9-க்கு இறங்கியது. லோடு இல்லாமல் அளந்த வோல்டேஜுக்கு மதிப்பே இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர்களும் தலையணை போல உப்பியிருந்தன. அதைப் பெட்டியிலிருந்து உருவவே கால் மணி நேரம் ஆனது.

இனி இன்வெர்ட்டர். மணிக்கணக்கில் வேலை செய்ய வேண்டும் என்றால் அதை விட்டால் வேறு வழியில்லை, இதில் வாதமே கிடையாது. கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேரம்தான் பிரச்சினை. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை முழு லோடில் சுமார் 16 மில்லிசெகண்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சாதாரண யூபிஎஸ் பத்துக்கும் குறைவான மில்லிசெகண்டில் மாறிவிடும். இன்வெர்ட்டரை 'யூபிஎஸ் மோடு' என்ற நிலையில் வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். சாதாரண நிலையில் விட்டால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

இரண்டையும் சேர்த்துவிடலாமே என்று இன்வெர்ட்டர் லைனில் பழைய யூபிஎஸ்ஸை மாட்டினேன். கரண்ட் போனதும் யூபிஎஸ்ஸுக்குள் ரிலே, அதாவது மின்சாரத்தை மாற்றிவிடும் குட்டி ஸ்விட்ச், 'டிக் டிக்' என்று அடிக்கத் தொடங்கியது, நிற்கவே இல்லை. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை, அதன் மின் அலை கரண்ட் லைனில் வரும் சீரான சைன் வேவ் போல வளையாமல் சதுரம் சதுரமாக இருக்கும். அந்த மின்சாரத்தை யூபிஎஸ் நல்ல மின்சாரமாக ஏற்றுக்கொள்ளாமல் தன் பேட்டரிக்கே தாவிக்கொண்டிருந்தது. சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

என் முடிவை மாற்றியது பராமரிப்பு. இன்வெர்ட்டரின் ட்யூபுலர் பேட்டரிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடிகளைத் திறந்து, மட்டம் பார்த்து, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். தகடுகள் நனையாமல் வெளியே தெரிகிற அளவுக்கு விட்டுவிட்டால் பேட்டரியின் திறன் போய்விடும், பிறகு தண்ணீர் ஊற்றினாலும் முழுதாகத் திரும்பாது. எங்கள் வீட்டில் இரண்டு முறை மறந்துபோனோம். யூபிஎஸ்ஸில் இருப்பதோ அடைக்கப்பட்ட பேட்டரி, திறக்கவும் வேண்டாம் ஊற்றவும் வேண்டாம். சில வருடங்களில் சாகும், அப்போது ஸ்குரூ டிரைவரை எடுத்தால் போதும்.

ஆனால் அந்தச் சில வருடங்கள் எத்தனை என்பது வெப்பத்தைப் பொறுத்தது. இந்த வகை பேட்டரிக்கு ஏற்ற சூழல் 25 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நான் யூபிஎஸ்ஸை வைத்திருந்தது சிபியுவின் ஃபேன் சூடான காற்றைத் தள்ளும் இடத்தில். அது உப்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இப்போது மேசையின் மறு ஓரத்துக்கு, சுவரை ஒட்டாமல், நகர்த்திவிட்டேன்.

புது யூபிஎஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புது பேட்டரி போட்டும் பழையது ஓடவில்லை என்றாலோ, உங்கள் லோடு அதன் வாட் அளவைத் தாண்டினாலோ வாங்குங்கள். விஏ வேறு, வாட் வேறு: 600 விஏ என்று போட்டிருக்கும் பலவும் 360 வாட்தான் தாங்கும். வாங்கும்போது நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான். உள்ளே இருப்பது எளிதாகக் கிடைக்கும் 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரியா, அதை நாமே மாற்ற முடியுமா? இரண்டு பேட்டரி இருக்கும் பெரிய மாடல் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

லித்தியம் பேட்டரி வந்த யூபிஎஸ்ஸை ஒரு உறவினர் வீட்டில் சில மாதம் பார்த்ததோடு சரி, அதனால் அதன் ஆயுளைப் பற்றி நான் சான்றிதழ் தர மாட்டேன். பழைய யூபிஎஸ்ஸில் அதே அளவு லித்தியம் பேட்டரியைத் திணிக்க மட்டும் வேண்டாம். அந்த யூபிஎஸ்ஸின் சார்ஜர், அதில் வழக்கமாக இருக்கும் லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரிக்காகச் செய்யப்பட்டது.

மாற்றும் வேலை சுலபம். சுவர் இணைப்பை எடுத்துவிட்டு, மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டு, முதலில் கறுப்பு வயரை உருவுங்கள். புதியதில் சிவப்பை முதலில் மாட்டுங்கள். பேட்டரியின் தகட்டு முனை 4.75 மில்லிமீட்டரா 6.35 மில்லிமீட்டரா என்று பழையதை அளந்துகொண்டு வாங்கினால், வயர் முனை தளர்ந்து சூடாகும் தொல்லை இருக்காது. மாட்டியதும் ஒரு இரவு முழுக்க சார்ஜ் ஏற விட்டேன். மறுநாள் காலை சுவர் ஸ்விட்சை அணைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன்: கம்ப்யூட்டர், மானிட்டர், மோடம் மூன்றும் சேர்ந்து 14 நிமிடம் ஓடின. மாட்டிய மாதத்தையும் வருடத்தையும் பேட்டரியின் தலையில் மார்க்கரால் எழுதிவிட்டுப் பெட்டியை மூடினேன்.