சைடு லாக்குக்கு அப்புறம் என்ன? வண்டிப் பூட்டுகள், சில வருசப் பயன்பாட்டில்

பைக்கின் ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டும் சைடு லாக்கை நம்புகிறவர்கள் பலரும் அதைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே இருப்பது சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு முளை. ஹேண்டில் நுனியில் ஓங்கி ஓர் உதை விட்டால் மொத்த விசையும் அதன்மேல்தான் இறங்கும், முறிந்துவிடும். அதற்குமேல் ஸ்டார்ட் செய்யக்கூட வேண்டாம். இன்னொரு வண்டியில் வருபவன் காலால் உந்தியே கொண்டுபோய்விடுவான். ஆகவே சக்கரம் உருளக்கூடாது.

அதற்கு டிஸ்க் லாக், அதாவது டிஸ்க் பிரேக் தட்டின் ஓட்டையில் மாட்டும் பூட்டு. வாங்குமுன் டிஸ்க்கில் உள்ள ஓட்டையை அளந்துவிடுங்கள், பூட்டின் முள் 10 மி.மீ. என்றால் சின்ன வண்டிகள் சிலவற்றில் நுழையாது, 6 மி.மீ. நுழையும். அலாரம் வைத்த பூட்டு சந்தை, பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு நல்லது. ஆனால் ஆடிக்காத்து வீசும் பல்லடம், உடுமலைப் பக்கம் வண்டி ஆடினாலே கத்தும். ரெண்டு நாள் தூக்கம் கெட்டதும் வீட்டில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். மழைக்காலம் கழிந்ததும் பட்டன் பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். சத்தம் நிற்பது பெரும்பாலும் அதனால்தான்.

பூட்டை மறந்து வண்டியை எடுப்பதுதான் இதில் பெரிய செலவு. பூட்டு அரைச் சுற்று சுற்றி வந்து மோதினால் டிஸ்க் வளையும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் உடையும், ஆளும் விழுவார். ஃபோர்க்குக்கு (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) பின்னால் காலிப்பர் இருக்கும் வண்டிகளில், அதை ஒட்டி நேர் கீழே பூட்டினால் வண்டி நகர ஆரம்பித்ததுமே தட்டி நின்றுவிடும். வேகம் பிடிக்காததால் சேதம் குறைவு. கூடவே ஞாபகத்துக்கு ஆக்சிலரேட்டர் பிடியில் ஒரு கலர் கயிறு கட்டிவிடுங்கள்.

உருளாத வண்டியையும் ரெண்டு, மூணு பேர் சேர்ந்து குட்டி யானையில் ஏற்றிவிடலாம். அதனால் ராத்திரிக்குச் செயின்தான். பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் ஹெல்மெட்டுக்கு மட்டும் சரி. கெட்டிப்படுத்திய இரும்பில், கண்ணி 10 மி.மீ.க்குக் குறையாத செயின் வேண்டும். முன்சக்கரத்தில் மட்டும் போட்டால் சக்கர அச்சைக் கழற்றிச் சக்கரத்தை விட்டுவிட்டுப் போவார்கள். பின்சக்கரம், அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ரெண்டையும் சேர்த்துச் சுற்றி, ஒரு தூணோடு பூட்டுங்கள். செயின் தரையில் கிடக்கக்கூடாது. கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறுபிடிமேல் ஏறி மிதித்து வெட்டுவது சுலபம்.

வீட்டில் தூண் இல்லையா? கோவையில் பட்டறைக்கா பஞ்சம். 16 மி.மீ. கம்பியை யு மாதிரி வளைத்து, ரெண்டு காலின் அடியிலும் குறுக்குக் கம்பி வெல்டு வைத்துத் தரச் சொல்லுங்கள். போர்டிகோ தரையில் 8 அங்குலம் தோண்டி, 1:2:4 கலவையில் பதித்து, 7 நாள் தண்ணீர் காட்டுங்கள். குறுக்குக் கம்பி இல்லாவிட்டால் ஆட்டி ஆட்டியே பிடுங்கிவிடலாம். செயினைவிட இதற்குச் செலவு குறைவு, பலன் அதிகம்.

சாவித் துவாரத்தில் எண்ணெய் விடாதீர்கள். தூசியோடு குழைந்து பசையாகிப் பூட்டு இறுகும். கிராஃபைட் பவுடர் போதும்.

ஜிபிஎஸ் கருவி தினமும் ஓடும் வண்டிக்குத்தான் லாயக்கு. நிற்கும்போது 20 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-அவர். 5 ஆம்பியர்-அவர் பேட்டரி பத்து நாளில் காலி. செல்ஃப் அதற்கு முன்பே மக்கர் பண்ணும். ஊருக்குப் போகும்போது ஃபியூஸைப் பிடுங்கினால் கருவி இருந்தும் பயனில்லை. தனக்கென உள் பேட்டரி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஹெல்மெட்டை வாரில் மாட்டித் தொங்கவிட்டால் பிளேடு ஒன்று போதும். அறுத்தபின் எடுத்தவனுக்கும் அது உருப்படியாகாது, ஆனாலும் அறுக்கிறார்கள். முழுமுக ஹெல்மெட்டில் கேபிளைத் தாடைப்பகுதியைச் சுற்றி விட்டு, ரைடிங் ஜாக்கெட்டின் ஒரு கைக்குள்ளும் நுழைத்து ஃபிரேமில் பூட்டுங்கள். கையுறை உங்களோடு வரட்டும். வண்டியைப் பார்க்கிங் ஸ்டாண்டில் விட்டாலும் டோக்கனின் பின்பக்கத்தைப் படியுங்கள்: "ஹெல்மெட்டுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல."

தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸில் திருட்டுக்குக் காசு வராது. நம் வண்டிக்கான இழப்பைத் தரும் ஓன் டேமேஜ் பிரிவும் சேர்ந்திருக்க வேண்டும். க்ளைம் போடும்போது எஃப்.ஐ.ஆருடன் ரெண்டு சாவியும் கேட்பார்கள். அந்த இரண்டாவது சாவி சீட்டுக்கடியில் டூல்ஸ் பைக்குள் கிடந்தால், இன்றைக்கே எடுத்துப் பீரோவில் வையுங்கள்.