லிஸ்பனில் வீடு எடுக்குமுன் உரிமையாளர் யாரென்று பாருங்கள்

லிஸ்பன் நகரின் அல்ஃபாமா பகுதியில் நான் பணம் கொடுத்து ஏமாந்த வீட்டின் படங்கள், அதே நீல டைல்ஸ் பதித்த சமையல்மேடையோடு, சென்ற வாரம் மீண்டும் வாடகை விளம்பரத்தில் வந்திருப்பதைக் கண்டேன். தொலைநிலைப் பணியாளருக்கான டி8 விசாவில் போர்ச்சுகலுக்குப் புறப்படும் வேறொருவர் அதே வலையில் விழக்கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நான் விண்ணப்பித்த 2024-இல் அந்த விசாவுக்கு மாத வருமானம் குறைந்தது 3,280 யூரோ, அதாவது அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல் நான்கு மடங்கு, இருக்க வேண்டும். அதைக் காட்டுவது எனக்குக் கடினமாக இல்லை. தங்குமிடச் சான்றுதான் கடினம். கண்ணால் பாராத வீட்டுக்குப் புறப்படும் முன்பே ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.

உரிமையாளர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர் காணொளி அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டினார். பேச்சில் ஒரு குறையும் இல்லை. மாத வாடகை 1,250 யூரோ. உள்ளூரில் ஜாமீன் நிற்க எனக்கு ஒருவரும் இல்லை என்பதைக் காரணம் காட்டி, மூன்று மாத முன்வாடகையும் இரண்டு மாதப் பிணைத்தொகையுமாக 6,250 யூரோ கேட்டார். முன்வாடகை இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்வதை நான் பிறகே அறிந்தேன். பணம் அனுப்பிய வங்கிக் கணக்கும் வேறொருவர் பெயரில் இருந்தது. போர்ச்சுகல் கணக்குகளின் ஐபான் எண், அதாவது பன்னாட்டு வங்கிக் கணக்கு எண், பிடி50 என்று தொடங்கும். இது லிதுவேனியா நாட்டைக் குறிக்கும் எல்டி என்று தொடங்கியது. அந்நாட்டு இணைய வங்கியை நேர்மையானவர்களும் பயன்படுத்துவதால் அது மட்டும் மோசடிக்குச் சான்றாகாது. ஆனால் பெயர் மாறியிருந்ததை நான் கேள்வி கேட்டிருக்க வேண்டும். தூதரகம் அந்த ஒப்பந்தத்தை ஏற்று விசா வழங்கியதும், அவர்களே சரிபார்த்துவிட்டார்கள் என்று நான் தவறாக நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் முதல் நாள் குடியேறினேன். ஃபைபர் இணைப்பு என்று சொன்னது சிம் அட்டை போட்ட ஒரு ரௌட்டர். 1755 நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற அந்தப் பழைய பகுதியின் தடித்த கற்சுவர்களுக்குள் அலைவரிசை சரியாக எட்டாமல் பணிக் கூட்டங்கள் பாதியில் அறுந்தன. மழை தொடங்கியதும் படுக்கையறைச் சுவரில் பூஞ்சை படர்ந்தது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

வதிவிட அட்டைக்காகக் குடிவரவு அமைப்பான ஆய்மாவில் ஜனவரியில் எனக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருந்ததால், டிசம்பரில் என்னிடம் பணம் வாங்கியவரிடம் வாடகை ரசீது கேட்டேன். கணக்காளர் விடுமுறையில் இருப்பதாக ஒரு வாரமும், வரித்துறையின் தளம் இயங்கவில்லை என்று மறு வாரமும் கடத்தினார். மூன்றாம் வாரம் ஒரு மூதாட்டி கதவைத் தட்டினார். வீடு அவருடையது, நான் பணம் கொடுத்தவர் அவரிடம் வாடகைக்கு எடுத்து, அவருடைய அனுமதியில்லாமல் எனக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். அந்த அம்மையார் கடிந்து பேசவில்லை. தம் பெயர் அச்சிட்ட கடெர்னெட்டா ப்ரெடியல் என்ற சொத்து ஆவணத்தைக் காட்டி, மாத இறுதிவரை தங்கச் சொன்னார். நான் அதுவரை ஒருமுறைகூடக் கேட்டிராத ஆவணம் அதுதான்.

உண்மையான உரிமையாளர் வரித்துறைத் தளத்திலிருந்து அதைச் சில நிமிடங்களில் எடுத்துத் தர முடியும். அதிலுள்ள பெயரும், அவருடைய அடையாள அட்டையும், வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் பணம் அனுப்பாதீர்கள். ஒப்பந்தம் தொடங்கிய மாதத்துக்கு அடுத்த மாத இறுதிக்குள் அதை வரித்துறையில் பதிவு செய்து, ஒரு மாத வாடகையில் 10 விழுக்காட்டை முத்திரைத் தீர்வையாகச் செலுத்துவது உரிமையாளரின் கடமை. அதைக் குடியிருப்பவர் தலையில் கட்டுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். முடிந்தால் முதல் சில வாரங்களுக்கு, அலோஜமெந்தோ லோக்கல் பதிவு எண் உள்ள குறுகியகாலத் தங்குமிடத்தை எடுத்துக்கொண்டு, நிரந்தர வீட்டை நேரில் பார்த்துப் பேசுங்கள்.

பிணைத்தொகையும் ஜனவரி வாடகையுமாக 3,750 யூரோ இன்றுவரை திரும்பவில்லை. அந்த மனிதர் என் எண்ணைத் தடைசெய்துவிட்டார். காவல்துறையில் அளித்த புகார் நிலுவையில் உள்ளது. புதிய விளம்பரத்தின் படங்களையும் அதனுடன் சேர்த்திருக்கிறேன்.