அசேலியா தொட்டியில் குட்டிக் கருப்பு ஈ: இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு

தொட்டியை லேசாகத் தட்டினால் மண்ணிலிருந்து கிளம்பி மூக்குக்கு நேராக வரும் கொசு மாதிரியான ஈ, பழ ஈ அல்ல, பூஞ்சை ஈ. நீளம் 2 முதல் 4 மில்லிமீட்டர். பறக்கும் ஈ செடியைத் தொடுவதில்லை. மண்ணுக்குள் இருக்கும் அதன் புழுதான் வேரைக் கடிக்கும். உடல் கண்ணாடி மாதிரி, தலை மட்டும் பளபளக்கும் கருப்பு. சந்தேகமிருந்தால் உருளைக்கிழங்கை வில்லையாக வெட்டி மண்மேல் அழுத்தி வையுங்கள். மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால் அடியில் நெளியும்.

'மண்ணைக் காயவிடு' என்பதுதான் எல்லோரும் சொல்லும் வைத்தியம். மணி பிளாண்ட்டுக்கு அது சரி. அசேலியா, கமேலியா, கார்டினியா போன்ற அமில மண் கேட்கும் பூச்செடிகளுக்கு ஆபத்து. அசேலியாவின் வேர் முடியிழை போல மெல்லியது, மேலாகவே படரும். புழு இருப்பதும் அதே மேல் 2 அங்குலத்தில்தான். காயப்போட்டால் புழுவுக்கு முன்னால் வேர் போய்விடும். பீட் (மக்கிய பாசி) கலந்த கலவை ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் தொட்டிச் சுவரை விட்டுச் சுருங்கும். ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக இறங்கி அடியில் வழிந்துவிடும். நடுவில் தூசியாகவே கிடக்கும். அப்படி ஆன தொட்டியை வாளித் தண்ணீரில், குமிழி வருவது நிற்கும்வரை அமுக்கி வைக்க வேண்டும்.

சாம்பல், சுண்ணாம்புத் தூள் தூவவே தூவாதீர்கள். அசேலியாவுக்கு மண்ணின் பிஎச் (அமில-கார அளவு; குறைந்தால் அமிலம் அதிகம்) 4.5 முதல் 6 வரை வேண்டும். சாம்பல் அதை ஏற்றிவிடும். இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் ஆகும். ஈ போகலாம், செடியும் கூடவே போகும்.

நிலைத்த பலன் தந்தது மணல் மூடிதான். பருமணலை நன்றாகக் கழுவி, மண்மேல் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினோம். மேற்பரப்பு சீக்கிரம் காய்வதால் ஈ முட்டையிட இடம் கிடைக்காது, கீழே ஈரம் அப்படியே நிற்கும். மணலைப் போடும் முன் ஒரு சிட்டிகையில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் கிளிஞ்சலோ சுண்ணாம்போ இருக்கிறது, வேண்டாம். மார்பிள் சில்லும் முட்டை ஓடும் இதே காரணத்தால் கூடாது. மணலின் ஒரே குறை, கீழே ஈரம் இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. தொட்டியைத் தூக்கி எடை பார்த்துப் பழகுங்கள்.

மேற்பரப்பு நனையாமல் இருக்க, தண்ணீரைத் தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் ஊற்றி அரை மணி நேரம் உறிஞ்சவிட்டு, மீதியைக் கொட்டிவிடலாம். போர் தண்ணீர் என்றால் உப்பு மேலே ஏறிச் சேரும். மாதம் ஒருமுறை மழைநீரை மேலிருந்து ஊற்றி அடி ஓட்டை வழியாகக் கழுவி விடுங்கள்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவுக்கு பிடிஐ (Bti) என்ற பாக்டீரியா மருந்து. கடையில் வெறுமனே 'பிடி' (Bt) என்று கேட்டால் பெரும்பாலும் கம்பளிப்புழு, காய்ப்புழுவுக்கான குர்ஸ்டாகி வகையைத்தான் தருவார்கள். இந்தப் புழுவை அது ஒன்றும் செய்யாது. கொசுப்புழுவுக்கு விற்கும் இஸ்ரேலென்சிஸ் என்று லேபிளில் இருக்க வேண்டும். லேபிளில் உள்ள அளவில் கரைத்து மேல்மண் நனைய ஊற்றுங்கள். புழு தின்றால்தான் சாகும். முட்டையையும் கூட்டுப்புழுவையும் இது தொடாது, மண்ணில் நெடுநாள் நிற்கவும் நிற்காது. அதனால் வாரம் ஒருமுறை, விடாமல் நான்கு வாரம். முட்டை முதல் ஈ வரை மூன்று, நான்கு வாரம் ஆகும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இன்னும் இழுக்கும், அங்கே ஐந்தாறு முறை ஊற்ற வேண்டும். இரண்டாவது வாரம் 'ஈ இன்னும் பறக்கிறதே' என்று நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு.

மஞ்சள் ஒட்டு அட்டை ஈயை ஒழிக்காது. கணக்குப் பார்க்க மட்டும் நல்லது. மண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்து வாரா வாரம் எண்ணினால் பிடிஐ வேலை செய்கிறதா என்று தெரியும். ஹைட்ரஜன் பெராக்சைடு முதல் நாள் அசத்தும், அடுத்த வாரம் பழைய கதைதான். அசேலியா வேரோடு கூடி வாழும் நல்ல பூஞ்சைக்கும் அது கெடுதல்.

நாமே ஈயைக் கூப்பிடுவதும் உண்டு. அமிலச்சத்துக்கு என்று ஊற்றும் புளித்த மோர், மேலே கொட்டும் டீத்தூள் சக்கை, தூவிவிட்ட வேப்பம் புண்ணாக்கு மூன்றிலும் இரண்டு நாளில் வெள்ளைப் பூசணம் பிடிக்கும். அதுதான் இந்தப் புழுவுக்குச் சாப்பாடு. புண்ணாக்கு போட்டே ஆக வேண்டுமென்றால், செடியைத் தொட்டி மாற்றும்போது கலவையோடு கலந்து அடியில் போடுங்கள். நர்சரியிலிருந்து வரும் புதுச் செடியை ஓர் ஒட்டு அட்டையோடு நான்கு வாரம் தனியாக வைத்து, அட்டை காலியாக இருந்தால் மட்டும் மற்றவற்றோடு சேருங்கள்.